நெல் காயும் களத்தில் வெறுங்கால் நீர்ச்சறுக்குப் பயிற்சி

கார்த்திகை முதல் சித்திரை வரை இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டை ஆற்றில் நீர் விளையாட்டுப் படகுகளில் வேலை செய்து, தென்மேல் பருவக்காற்று தொடங்கி வெளிநாட்டவர் வரத்துக் குறைந்ததும் வடக்கே கிளிநொச்சிக்குத் திரும்பிவிடுகிற எனக்கு, வைகாசியிலிருந்து ஐப்பசி வரையான ஆறு மாதங்களும் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துப் பலகையின்றி நீர்மேல் வழுக்கிச் செல்லும் வெறுங்கால் நீர்ச்சறுக்கைப் பொறுத்தவரை வீணான மாதங்களாகவே இருந்து வந்தன. இரணைமடுக் குளம் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது நெல்லுக்குரிய நீர். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்த பின் கமக்காரர் அங்குலக் கணக்குப் பார்க்கும் குளத்தில், விளையாட்டுக்குப் படகு ஓட்டலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகவே சென்ற ஆண்டு வைகாசியில் ஊரிலுள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, ஐந்து மாதங்கள் தரையிலேயே பயிற்சி செய்தேன். அந்த நிலையத்தைப் பற்றியதே இம்மதிப்பீடு.

கிளிநொச்சி நகருக்கும் முறிகண்டிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, பழைய அரிசி ஆலை ஒன்றின் கூடத்தில் அது இயங்குகிறது. முறையான பெயர் ஒன்று இருந்தாலும் எல்லோரும் ‘மில்லடி’ என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். சேரும்போது 2000 ரூபாயும் மாதத்துக்கு 3500 ரூபாயும் வாங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்குத் திறந்து எட்டரைக்குப் பூட்டி, மீண்டும் மாலை நான்கு மணிக்குத் திறப்பார்கள். பாரம் தூக்கும் கருவிகள் மற்ற இடங்களில் உள்ளவை போன்றவைதாம், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகப்புத் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் புரத மா டின்களின் விலையைக் கேட்ட அன்றே, வீடு திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டேன்.

அங்கு பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் மாஸ்ரர் என்று அழைப்பார்கள். நான் என்ன விளையாட்டுக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னபோது, “தம்பி, தண்ணிக்கு மேலால வெறுங்காலோடயோ? கால் தாழாதோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலகை இல்லாத பாதம் மிகச் சிறிய பரப்பு என்பதால், உடலை நீருக்கு மேல் வைத்திருக்க வேகம் ஒன்றே துணை. உடல் எடையை இறாத்தலில் எடுத்துப் பத்தால் வகுத்து அதனுடன் இருபதைக் கூட்டினால் மணிக்கு எத்தனை மைல் வேகம் வேண்டும் என்ற கணக்கு வந்துவிடும். 68 கிலோ எடையுள்ள எனக்கு, அதாவது ஏறத்தாழ 150 இறாத்தலுக்கு, 35 மைல், கிலோமீற்றரில் சொன்னால் 56. அந்த வேகத்தில் நீர், பாதத்துக்குத் தார் வீதியைப் போலக் கடினமாகப் படும். முழங்கால் மடித்து, நாற்காலியில் இருப்பது போல இருந்து, பாரத்தைக் குதிக்கால் பக்கம் கொடுத்து, கைகளை நீட்டியபடி கைபிடியை இடுப்போடு தாழ்த்திப் பிடித்திருக்க வேண்டும். கால்விரல் ஒரு நொடி கீழே சாய்ந்து நீரில் கொழுவினால் முகம் குப்புற விழுவதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வளவையும் கேட்ட மாஸ்ரர், “அப்ப உங்களுக்குத் தூக்கிற பலம் தேவையில்லை, பிடிச்சுக்கொண்டு நிக்கிற பலந்தான் தேவை” என்றார். ஐந்து மாதக் கட்டணமும் அந்த ஒரு வாக்கியத்துக்கே தகும் என்று இப்போது தோன்றுகிறது.

மில்லடியில் என்னுடைய பயன்பாட்டுக்கு உண்மையாக உதவியவை இரண்டே. முதலாவது, சுவரோரம் நிற்கும் கம்பி வடக் கப்பி. அதை எல்லோரும் தலைக்கு மேலிருந்து கீழே இழுக்கவே பயன்படுத்துகிறார்கள். மாஸ்ரர் அதன் கப்பியை இடுப்பளவுக்கு இறக்கி, நான் பெந்தோட்டையிலிருந்து கொண்டுவந்த பழைய இழுவைக் கைபிடியை அதில் கொழுவித் தந்தார். கைபிடியைப் பிடித்து, மேலே சொன்ன நிலையில் அமர்ந்து, பாரம் என்னை முன்னால் இழுக்க இழுக்க முப்பது விநாடி அசையாமல் நிற்பதுதான் பயிற்சி. பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும். இருபதாவது விநாடியில் முன்னங்கை நரம்பு தடித்து, தோள்கள் காதருகே ஏறத் தொடங்கும்; படகின் பின்னால் நான் விழுகிற விழுகைகளில் பெரும்பாலானவை இதே இடத்தில் தொடங்குகின்றன என்பதை ஆற்றில் இரண்டு பருவம் நின்றும் அறியாத நான், கண்ணாடிக்கு முன் நின்ற முதல் வாரத்தில் கண்டேன். முழங்கை மடங்கினால் மாஸ்ரர் ஒரு தென்னை ஈர்க்கால் தட்டுவார். ஆடி மாத முடிவில் எழுபது விநாடி வரை நின்றேன்.

இரண்டாவது, கூடத்துக்கு வெளியேயுள்ள நெல் காயவிடும் சீமெந்துக் களம். நெல்லைப் பரப்பியும் பலகையால் இழுத்தும் குவித்தும் பல்லாண்டு தேய்ந்த தளம் அது. உள்ளங்கையால் தடவினால் கழுவிய பீங்கான் கோப்பையைத் தொடுவது போலிருக்கும். வெறுங்கால் சறுக்கில், நீரின் மேல் பின்புறம் பட இருந்தபடியே உடலைச் சுழற்றி மறுபடியும் படகை நோக்கி எழும் சுற்று ஒன்று உண்டு. அதைப் படகின் பின்னால் பழகினால், ஒவ்வொரு தவறுக்கும் ஓட்டுநர் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். பெற்றோலும் எரியும், அவருடைய பொறுமையும் எரியும். களத்தில் நான் செய்தது இதுதான்: ஆலைத் தூணில் கயிற்றைக் கட்டி, வெறுமையான யூரியாப் பை ஒன்றை விரித்து அதன்மேல் இருந்து, கால்களை உயர்த்தி, கைபிடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுழன்றேன். வழுக்கும் அந்தப் பையின் மேல், கைபிடி உடலைவிட்டு ஒரு சாண் விலகினாலும் சுற்று பாதியில் நின்றுவிடும். அணைத்துப் பிடித்தால் முழுச் சுற்றும் தானாக வரும். காலை ஆறு மணிக்கு முன் செய்தால் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது சுற்று செய்யலாம். எட்டு மணிக்குப் பிறகு அந்தத் தளத்தில் தோசை சுடலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

உள்ளங்கால் தோல் தடித்தால் போதும் என்று எண்ணி நான் முன்பு குளக்கட்டுக் கிரவலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். அது தேவையற்ற வேலை. பலவீனமாக இருந்தது தோலல்ல, விரல்களை மேலே தூக்கி வைத்திருக்கும் முன்காற் தசை. மாஸ்ரர் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டி வளையமாக்கி, ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையை என் கால்விரல்களிலும் மாட்டி, நூறு முறை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். செலவு ஒரு சதமும் இல்லை.

கூட வந்த இளைஞர்கள் இதையெல்லாம் முதலில் வேடிக்கையாகவே பார்த்தார்கள். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில், விண்டர் ஹேவன் என்னும் ஊரில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதன்முதலில் பலகையின்றிச் சறுக்கினான் என்பதைவிட, ‘பனானா ஜோர்ஜ்’ எனப்பட்ட ஜோர்ஜ் பிளேயர் தமது 46 வயதில் வெறுங்கால் சறுக்கத் தொடங்கித் தொண்ணூறு வயதைக் கடந்தும் அதைச் செய்தார் என்பதுதான் அங்கு எடுபட்டது. மாஸ்ரருக்கும் நாற்பத்தாறு வயதுதான். மறுநாள் காலை அவரும் யூரியாப் பையில் இருந்து சுற்றிப் பார்த்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆனியில் ஒரு நாள், கைபிடியைக் கொழுவும் கொளுக்கி தேய்ந்திருந்ததால் பாரத்தின் நடுவே கழன்று, நான் பின்னோக்கி விழுந்து வால் எலும்பு சீமெந்தில் அடிபட்டது. பத்து நாள் சரியாக இருக்க முடியவில்லை. கொளுக்கி ஒன்று சில நூறு ரூபாய்தான், ஆனால் அதை மாற்ற நிர்வாகம் மூன்று கிழமை எடுத்தது. அதுவரை கட்டிய பணத்துக்கு ஈடாக ஒரு நாளேனும் கூட்டித் தரவில்லை. கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே மாலை நான்கு மணிக்குப் பயிற்சி செய்வது, சோளகம் வீசாத நாட்களில், போறணைக்குள் நிற்பதற்குச் சமம். எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல், சேரும்போது எவரும் சொல்லாத ஒன்று: ஆவணியில் சிறுபோக அறுவடை தொடங்கியதும் களம் மறுபடியும் நெல்லுக்குப் போய்விடுகிறது. நெல் காயும் இடத்தில் நான் சுழல முடியாது என்பதில் எனக்கு வழக்கில்லை. அந்த மாதங்களுக்கும் முழுக் கட்டணம் கேட்டதில்தான் வழக்கு. போதாததற்கு நெற்சுணை வியர்வையில் ஒட்டி இரவெல்லாம் கடிக்கும்.

மார்கழியில் பெந்தோட்டையில் மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன். ஆழ நீரில் மல்லாந்து கிடந்து, படகு வேகமெடுக்க முதுகால் வழுக்கி, எழுந்திருந்து, குதிக்காலை மெல்ல வைக்கும் தொடக்கம் முந்தைய பருவத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் எனக்கு வாய்த்தது. இம்முறை முதல் நாளே ஐந்தில் நான்கு வாய்த்தது. சுழன்றெழும் சுற்று இரண்டாவது கிழமையில் வந்தது. ஒற்றைக் காலில் நிற்பது மட்டும் முன்னேறவில்லை. அதற்குத் தேவையான அலைதலைக் கொடுக்கும் எந்தக் கருவியும் மில்லடியில் இல்லை, அசையாத் தரையில் ஒற்றைக் காலில் நிற்பதால் அது வரப்போவதுமில்லை.

இந்த வைகாசியில் மறுபடியும் சேர்ந்திருக்கிறேன், ஆனால் ஆடி முடியும் வரைக்கும்தான் என்று முன்கூட்டியே சொல்லி, மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் கட்டினேன். புதிய கொளுக்கி போட்டிருக்கிறார்கள். நான் இழுத்துப் பார்த்தேன், நல்லதுதான். யூரியாப் பையை மட்டும் இம்முறை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. தூணடியில் சுருட்டி வைத்துவிட்டு வந்த என் பழைய பையை, அறுவடை நேரத்தில் யாரோ நெல் கட்ட எடுத்துப் போய்விட்டார்களாம்.