ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைப் பதில் சொல்ல வைத்தது எது?

காரைக்குடியில் என் வீட்டிலிருந்தே பிளஸ் டூ கணக்குப்பதிவியல் ஆன்லைனில் எடுக்கிறேன். 2021இல் தொடங்கியது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு பேட்ச்சுக்கு இருபது பேர்.

முதல் வருடம் கஹூட் என்ற ஆன்லைன் வினாடி வினாவை ரொம்ப நம்பினேன். சீக்கிரம் அழுத்துகிறவருக்குக் கூடுதல் மதிப்பெண் என்பதால் வகுப்பு களைகட்டும். ஆனால் பல வீடுகளில் ஒரே போன்தான். அதில் ஜூமையும் கஹூட்டையும் மாற்றி மாற்றித் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். விடை தெரிந்த பிள்ளையும் நெட் இழுத்தால் கடைசியில்தான் நிற்கும். பற்றா (டெபிட்), வரவா (கிரெடிட்) என்று நிதானித்து எழுதவேண்டிய பாடத்துக்கு இந்த அவசரம் ஆகாது. இப்போது வரையறைகளைத் திருப்பிப் பார்க்க மட்டும்தான் கஹூட்.

உண்மையில் கைகொடுத்தது ஜூமிலேயே இருக்கும் சாட். செய்தி ஆசிரியருக்கு மட்டும் வரும்படி மாற்றிவிடலாம். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. கானாடுகாத்தான் மாணவி ஒருத்திக்குப் பழைய வீட்டின் கனத்த சுவரைத் தாண்டி சிக்னல் வராது, முகப்பில்தான் உட்காரவேண்டும். ஆட்கள் வந்துபோகும் இடம் என்பதால் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. சாட்டை மாற்றிய அன்று, தொழிலில் புதுக் கூட்டாளி சேரும்போது கட்டட மதிப்பு கூடினால், சொத்து மதிப்பு மாற்றங்களைப் பதியும் மறுமதிப்பீட்டுக் கணக்கில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ‘வரவு மிஸ்’ என்று முதலில் வந்தது அவள் பதில். ஏன் என்றேன். மூன்று வரி எழுதினாள், அத்தனையும் சரி. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. தவறான விடை வந்தால் பெயர் சொல்லாமல் வாசித்து, எங்கே சறுக்கியது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

கட்டணமில்லாத ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். அந்த இடைவெளியில் நோட்டில் ஒரு கணக்கு. அதைப் படமெடுத்துப் பேட்லெட் என்ற ஆன்லைன் பலகையில் போடுவார்கள். இலவசக் கணக்கில் சில பலகைகள்தான் கிடைக்கும், பழையதை அழித்துக்கொண்டே இருக்கவேண்டும். கூகுளின் ஆன்லைன் வெண்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டபோது என் பலகைகளை அவசரமாக பிடிஎஃப் ஆக்கி இறக்கினேன். அதிலிருந்து எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் கூகுள் ஃபார்மில் 5 கேள்விகள். எத்தனை பேர் ஒரே தவறைச் செய்தார்கள் என்று வரைபடத்தில் தெரிந்துவிடும், மறுநாள் அங்கேயே தொடங்குவேன். இடிமழையில் கரண்ட் போனால் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வியும் என் குரல் பதிவும் போகும். விடை ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.