மதுரையில் குதிரைக்குக் கழுத்தெலும்பு முறிந்தால்: ஊர் வந்து பார்த்த வசதிகள்

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் எல்கைப் பந்தயக் குதிரை வளர்க்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்க கழுத்துல பிளேட்டு வைக்கிறாங்களாமே, இங்க முடியாதா?" மதுரைக்குள் அதற்கான ஏற்பாடு இல்லை. ஆனால் எலும்பு விலகாமல், நடை தள்ளாடாமல் இருக்கிற குதிரைக்குக் கத்தியே வேண்டாம்.

1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வரும்வரை, படுத்த குதிரையைக் கயிறு போட்டு இழுத்து நிறுத்தாதீர்கள். நிற்கிற குதிரையைக் கட்டாதீர்கள். கட்டிப்போட்ட குதிரை மிரண்டு பின்னால் இழுத்து மல்லாந்து விழுவதிலேயே கழுத்து முறிவது உண்டு. கொள்ளுத் தொட்டியையும் தண்ணீரையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். கழுத்தில் ஒரு திட்டு மட்டும் வியர்த்திருந்தால் அந்த இடத்தை டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு அடிபட்ட அடையாளமாக இருக்கலாம். மயக்க ஊசி அதிகமானால் தள்ளாடுகிற குதிரை விழுந்துவிடும். வலிக்கு மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.6 மி.கி.; 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 180 மி.கி., டாக்டர் கையால். கொட்டகையில் கிடக்கும் பழைய டைக்ளோபினாக் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். அந்த மருந்து ஏறிய மாட்டுப் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006-லேயே கால்நடைக்குத் தடை. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற வலி மருந்துகளும் 2023-இல் அந்தத் தடையில் சேர்ந்துகொண்டன.

கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே மெஷினில் கழுத்தின் ஏழு எலும்பில் மேலே உள்ளவை தெளிவாக விழும். ஆறாவது, ஏழாவது தோள் சதைக்குள் புதைந்திருப்பதால் படம் வெளிறிப்போகும். அந்தப் படத்தை வைத்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் நம்பவேண்டாம். விலகாத முறிவுக்கு லாயத்திலேயே இரண்டு மூன்று மாதம் ஓய்வு. கூடுகிற எலும்பின் காய்ப்பு பிறகு தண்டுவடத்தை அழுத்தலாம் என்பதால், வாரம் ஒருமுறை சின்ன வட்டத்தில் நடத்திப் பாருங்கள். வெளிப்பக்கப் பின்னங்கால் அகலமாக வீசினால் மறுபடி எக்ஸ்ரே.

ஆபரேஷன் தேவைப்படுவது எலும்பு விலகி, தள்ளாட்டம் கூடிக்கொண்டே போகிற குதிரைக்கும், கழுத்தின் இரண்டாம் எலும்பில் பல் மாதிரி நீட்டியிருக்கும் முளை பிரிந்த குட்டிக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தின் அடிப்பக்கம் நடுவே கீறி, மூச்சுக்குழாயை ஒதுக்கி, எலும்பின் அடியில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்குவார்கள். ஸ்க்ரூ நீண்டால் தண்டுவடத்தில் குத்தும். மூச்சுக்குழாயை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கினால் குரல்வளை ஒருபக்கம் செயலிழந்து, ஓடும்போது மூச்சு இரையும். பந்தயத்துக்கு அது ஆகாது. இத்தனையும் தாண்டினாலும், மயக்கம் தெளிந்து எழும்போது குதிரை தலையை வீசித்தான் எழும். தகடு பிடுங்கிக்கொள்வது அப்போதுதான்.

ஆபரேஷனுக்குப் போவதென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 460 கிலோமீட்டர். குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஏற்றி, முன்கம்பியில் தலையை இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் கழுத்துதான் வாங்கும். நீளமான லாரி, தரையில் மணல், தலைக்குக் கயிறு தளர்வு. கிளம்புமுன் போனில் கேளுங்கள்: மேசை எத்தனை கிலோ தாங்கும், ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே எடுக்க முடியுமா, எழுந்திருக்க மெத்தைச் சுவர் அறை உண்டா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.