ஜெஃப்ரி ரஷ், கேட் பிளான்செட்: மேடையிலிருந்து திரைக்கு இரு வழிகள்

ஆஸ்திரேலிய மேடையில் வேரூன்றி உலகத் திரைக்குச் சென்ற இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது காலத்தின் வேறுபாடுதான். 1951இல் துவூம்பாவில் பிறந்த ரஷ், 1971இல் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து நாடகக் குழுவில் தொழில்முறை நடிகரானார்; பின்னர் பாரிஸில் நாடகப் பயிற்றுநர் ழாக் லகோக்கிடம் உடலசைவுக் கலை பயின்றார். 'ஷைன்' படம் வெளியாகி அவரை உலகறியச் செய்த 1996இல் அவருக்கு வயது 45. மனம் நொறுங்கிய பியானோ கலைஞராக அவர் காட்டும் விரைந்த பேச்சும் ஓயாத அசைவும் கால் நூற்றாண்டு மேடை உழைப்பின் விளைச்சல் என்றே நான் கருதுகிறேன். கேமராவுக்காக மட்டும் பழகிய உடலுக்கு அது எளிதில் வராது.

மெல்பர்னில் 1969இல் பிறந்த பிளான்செட்டோ, 1992இல் சிட்னியின் தேசிய நாடகக் கலை நிறுவனத்தில் பயிற்சி முடித்து, மறு ஆண்டே ரஷ்ஷுடன் மேடையேறி, 1998இல் 'எலிசபெத்' படத்தின் அரசியாகப் புகழ்பெற்றார். அதில் அரசியின் ஆலோசகர் வால்சிங்கமாக நடித்தவரும் ரஷ்தான்.

விரைவில் வந்த புகழ் பிளான்செட்டை மேடையிலிருந்து பிரிக்கவில்லை என்பதே என்னை அதிகம் கவர்கிறது. ஆஸ்கர் விருது பெற்ற பின்னரும், 2008இல் கணவர் ஆண்ட்ரூ அப்டனுடன் சிட்னி நாடகக் குழுவின் கலை இயக்குநர் பொறுப்பை ஏற்று, 2009இல் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் நாயகி பிளான்ச் பாத்திரத்தை அங்கே நடித்தார். அதே ஆண்டில் ரஷ், பிரெஞ்சு மொழி நாடகாசிரியர் அயனெஸ்கோவின் நாடகத்தில் சாகும் அரசனாக நியூயார்க்கின் பிராட்வேயில் நடித்து, அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருது பெற்றார்.