பொதுத் தோட்டமா, வீட்டுத் தோட்டமா?

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர், பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி. மகளிர் குழுவில் 22 வீடு. காய்க்குச் சந்தையையே நம்பியிருக்க வேண்டாம், நாமே விளைவிக்கலாம் என்று கூடிப் பேசியபோது இரண்டு வழி தெரிந்தது. கிணற்றோடு 40 சென்டைக் குத்தகைக்குப் பிடித்துச் சேர்ந்து பாடுபடுவது ஒன்று. விதையையும் நாற்றையும் மட்டும் பொதுவில் வைத்து, அவரவர் வீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்வது இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதுக்கு மாறினோம். நான் இரண்டாவதின் பக்கம்தான்.

பொதுத் தோட்டத்தின் நல்லது எல்லாருக்கும் தெரியும்: ஒரே உழவு, ஒரே வேலி, ஒரே வண்டி எரு. ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டையும் கத்திரியும் நன்றாகவே வந்தன. கார்த்திகை மழை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் தண்ணீர்ப் பாடு. மதுரைப் பக்கம் மழையில் நல்ல பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் நாம் பாய்ச்சினால்தான் செடி. நாளுக்கு இரண்டு வீடு என்று முறை வைத்தோம். நூறு நாள் வேலை வந்ததும் முறை தவறியது. மாலையில் பாய்ச்சலாம் என்றால் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வருகிற நேரம் நம் கையில் இல்லை. பங்குனியில் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியது. வீடு வீடாக வசூலித்து, புதுச் சுருள் கட்டி, மறுபடி இறக்கப் பதினோரு நாள் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் கத்திரி இலையெல்லாம் சருகாகச் சுருண்டு, காய் தோல் சுருங்கித் தொங்கியது. யாரையும் குறை சொல்ல முடியாது. செடி வாடுவதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் என்றால் பாத்திரம் கழுவப் போகும்போதே கண்ணில் படும்.

சரி, வீட்டில் தண்ணீர் எங்கே? இதைக் கணக்குப் போட்டே இறங்க வேண்டும். கோடையில் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். முழுக்க நட்டால் 200 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் வீட்டுக் குடிநீர்க் குழாயில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்தான் அளவு, ஐந்து பேருக்கு 275. அதைச் செடிக்கு ஊற்றிவிட முடியாது. ஆகவே கோடையில் கால் சென்டோடு நிறுத்திக்கொள்கிறோம்: கொஞ்சம் கீரை, பந்தலில் ஒரு பீர்க்கு, ஓரத்தில் ஒரு வாழை. 50 லிட்டர் போதும். அரிசி களைந்தது, காய் கழுவியது, சோப்புப் படாத தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் அதில் நல்ல பங்கு வந்துவிடும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். எங்கள் துவைக்கிற கல்லிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, நடுவில் குழி தோண்டிக் கூழாங்கல்லும் மணலும் போட்டு, அதைத் தாண்டி வாழை வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் அதன் அடிமண்ணைக் கிளறினால் விரலில் ஒட்டும்.

முருங்கையை யாரும் விட்டுவிட வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை, விதை போட்ட ஆறாம் மாதம் காய்க்கு வரும். காய் ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

பொதுவில் வைத்தே ஆக வேண்டியது நாற்றும் விதையும். கத்திரி, தக்காளி, மிளகாய் நாற்றை இரண்டு வீட்டில் விட்டு எல்லாரும் பிரித்துக்கொள்கிறோம். அவரை விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் கட்டி வைக்கிறார் பக்கத்து வீட்டு மதினி. வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே காய் வராது என்பதால் அந்தப் பானைக்குள் நாட்டு விதை மட்டும்தான்.

வீட்டுத் தோட்டத்தில் கோழித் தொல்லை உண்டு. பழைய சேலையும் முள்ளும் வைத்துச் சமாளிக்கிறோம். இதுவரை ஒரே ஒரு கோடையைத்தான் இப்படிக் கடத்தியிருக்கிறோம், அதுவும் மழை ஓரளவு பெய்த வருடம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பார்க்கிற ஊர்க்காரர்கள் எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. குழுவில் நான்கு வீட்டுக்குப் பின்பக்கமே கிடையாது, சுவரோடு சுவர். சாக்குப் பையில் மண் நிரப்பிக் கொடுத்தோம். கீரை வந்தது, காய் சுமார்தான். அவர்களுக்காகக் கிணற்றடியில் 5 சென்டை மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம். நாலே வீடு என்பதால் அங்கே முறை தவறுவதில்லை. மோட்டார் நின்றால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.