கூகுளின் ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’: இலவசக் கருவி, பாதி வேலை

கூகுள் தேடலில் தன் தளம் எப்படி இருக்கிறது என்று தளத்துக்காரர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோலில், செட்டிங்ஸ் பக்கத்துக்குள் ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’ என்று ஒரு வசதி ஒதுங்கிக் கிடக்கிறது. பல வருடம் ஓடிய தளத்தை வேறு டொமைனுக்குக் கொண்டுபோகும்போது, அந்த மாற்றத்தைக் கூகுளுக்கு முறைப்படி தெரிவிக்கும் வழி இது. காசு கிடையாது. ராமேஸ்வரம் லாட்ஜ், மண்டபம் கருவாட்டுக் கடை, கீழக்கரை டிராவல்ஸ் என்று தேடலை நம்பி வியாபாரம் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அது செய்யும் வேலை கொஞ்சம்தான். தேடலில் ரேங்கைக் காப்பாற்றுவது பழைய டொமைனில் நீங்கள் போடும் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் உத்தரவு. தபால் ஆபீசில் விலாசம் மாறியதாக எழுதிக் கொடுப்பது மாதிரிதான் இந்தக் கருவி. சாமான்களை ஏற்றி இறக்குவது உங்கள் பாடு.

முதலில் டொமைன் மாற்றம் தேவையா என்று யோசிக்க வேண்டும். ராமேஸ்வரத்தை ஆங்கிலத்தில் எச் சேர்த்து எழுதுவதா, சேர்க்காமல் எழுதுவதா என்ற குழப்பத்திலேயே மாற்ற நினைப்பவர்கள் உண்டு. வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்கள் எச் போட்டுத் தேடுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அதற்காக மாற்ற வேண்டாம். எப்படி எழுதித் தேடினாலும் கூகுளுக்கு அது ஒரே ஊர்தான். டொமைனுக்குள் ஊர்ப்பெயர் இருப்பதாலேயே ரேங்க் ஏறிவிடாது. கடைப் பெயர் மாறியது, பங்காளிகள் பிரிந்தது, லாட்ஜோடு படகுச் சவாரியும் சேர்ந்து பழைய பெயர் பொருந்தாமல் போனது போன்றவைதான் நியாயமான காரணங்கள்.

கருவியைப் பயன்படுத்துவது எளிது. பழைய டொமைன், புது டொமைன் இரண்டும் ஒரே கூகுள் கணக்கில் ஓனர் உரிமையோடு வெரிஃபை ஆகியிருக்க வேண்டும். பழைய டொமைனின் ப்ராப்பர்ட்டியை (சர்ச் கன்சோலில் அந்தத் தளத்துக்கான பதிவு) திறந்து, செட்டிங்ஸ் போய், கருவியைத் தட்டி, பட்டியலில் புது டொமைனைத் தேர்ந்தெடுத்து, ‘வேலிடேட் அண்ட் அப்டேட்’ கொடுத்தால் சரிபார்ப்பு தொடங்கும். முகப்புப் பக்கத்தில் 301 இருக்கிறதா என்று பார்க்கும். உள்பக்கங்களில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் இரண்டு ப்ராப்பர்ட்டியிலும் தளம் மாறிக்கொண்டிருப்பதாக அறிவிப்பு வரும். தப்பாகக் கொடுத்துவிட்டால் 180 நாளுக்குள் அங்கேயே ரத்து செய்யலாம். அப்போது ரீடைரக்டையும் நீங்களே கழற்ற வேண்டும்.

வெரிஃபிகேஷனில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய தளத்தை எச்டிஎம்எல் ஃபைல் ஏற்றி வெரிஃபை செய்திருந்தால், எல்லாப் பக்கங்களையும் திருப்பிவிட்டதும் அந்த ஃபைலும் சேர்ந்து திரும்பிவிடும். வேறு டொமைனில் இருக்கும் ஃபைலைக் கூகுள் ஏற்காது, ஓனர் உரிமை பறிபோகும். ஆகவே இரண்டு டொமைனையும், டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவான டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு வெரிஃபை செய்யுங்கள். வேலை முடிந்தது என்று அந்த ரெக்கார்டை அழிக்கவும் கூடாது.

இது எல்லா மாற்றத்துக்குமான கருவியும் இல்லை. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போவது, ஒரே டொமைனுக்குள் பக்கங்களை இடம் மாற்றுவது ஆகியவற்றுக்கு ரீடைரக்ட் மட்டும் போதும். ரூம் புக்கிங்குக்குத் தனி சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் ஒரு பெயர் சேர்த்த முகவரி) வைத்திருந்தால் கருவி அதைத் தானாக இழுத்துப் போகாது. அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். புது டொமைனுக்கு வந்த சூட்டோடு மூன்றாவது ஒன்றுக்குத் தாவுவதையும் தவிர்க்க வேண்டும்.

பெரிய குறை அதன் சரிபார்ப்பில் இருக்கிறது. மாதிரிக்கு எடுத்த பக்கங்கள் தேறிவிட்டால் பச்சை டிக் விழுந்துவிடும். 300 பக்கத்தில் 200 பக்கம் புது தளத்தின் முகப்புக்கே திருப்பப்பட்டிருந்தாலும் அது கண்டுகொள்ளாமல் போகலாம். இப்படி எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் ஆகப்பெரிய தவறு. ‘22 தீர்த்தம் நீராடும் வரிசை’ என்று தேடி வந்தவரை லாட்ஜின் முகப்பில் இறக்கிவிட்டால், கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கத்துக்குச் சமம், என்று கணக்கு வைக்கும். அந்தப் பக்கம் சேர்த்து வைத்த மதிப்பு அத்தோடு போயிற்று. ஒவ்வொரு பழைய பக்கமும் அதே விஷயமுள்ள புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஈடான பக்கம் இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் எடுக்கப்பட்டது) கொடுப்பதே நேர்மை. படங்களையும், ரேட் கார்டு பிடிஎஃப்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தனுஷ்கோடி படங்கள் மூலம் படத் தேடலில் ஆள் வரும் தளம் என்றால், படங்கள் உள்ள ஃபோல்டரும் ரீடைரக்ட் பட்டியலில் இருக்க வேண்டும்.

பட்டியலை எங்கிருந்து எடுப்பது? தளத்தின் பக்கங்களை வரிசைப்படுத்தும் சைட்மேப், சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட், லிங்க்ஸ் ரிப்போர்ட், யார் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று குறித்து வைக்கும் சர்வர் லாக் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே ஷீட்டில் போட வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் 16 மாதத் தரவு தரும். ஆனால் திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிதான் வரும். மாதவாரியாகப் பிரித்து இறக்கினால் கூடுதலாகக் கிடைக்கும். மாற்றத்துக்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். பழைய எண்கள் புது ப்ராப்பர்ட்டிக்கு வந்து சேராது.

தமிழில் பக்க முகவரி வைத்திருக்கும் தளங்களுக்குத்தான் உண்மையான சோதனை. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக, சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக மாறும். ‘ராமேஸ்வரம்’ என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் 10. ஆக அந்த ஒரு சொல்லுக்கே 90 எழுத்து. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இந்த முகவரியை 200 எழுத்தோடு வெட்டிவிடும். ‘ராமேஸ்வரம் தங்கும் விடுதி’ என்ற தலைப்புக்குக் கணக்குப் போட்டால் 209 வருகிறது. அதனால் முகவரி ‘ராமேஸ்வரம்-தங்கும்-விடுத’ என்று, கடைசிக் கொக்கி இல்லாமல் நின்றுவிடும். தலைப்பைப் பார்த்து ஷீட்டில் முகவரியைத் தட்டச்சு செய்கிறவர் ‘விடுதி’ என்றே போடுவார். அந்த ரீடைரக்ட் ஒரு நாளும் வேலை செய்யாது. இதே மூன்று சொற்களில் தொடங்கும் பக்கங்கள் நாலைந்து இருந்தால் எல்லாமே ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். புது தளத்தில் தலைப்பிலிருந்து முகவரியை மறுபடி உருவாக்கினால் எந்த எண் எந்தப் பக்கத்துக்கு என்பது மாறிப்போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் தளத்திலிருந்து முகவரியை அப்படியே நகலெடுப்பதுதான் ஒரே வழி.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘தொண்டி’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், முகவரியில் வேறு வேறு. பழைய ஃபான்ட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைகளில் இரண்டாவது வகை ஒளிந்திருக்கலாம். ஷீட்டில் சரியாகத் தெரிந்தும் ரீடைரக்ட் விழவில்லை என்றால் சதவீத வடிவத்துக்கு மாற்றி எண்ணிப் பாருங்கள். ஒகரக் குறி 9 எழுத்துக்குப் பதில் 18 எடுத்தால் அதுதான் விஷயம்.

அப்பாச்சி வகை வெப் சர்வரில், முகவரியைத் திருப்பும் ரீரைட் ரூலின் இலக்கைச் சதவீத வடிவில் எழுதினால் அந்தச் சதவீதக் குறியே மறுபடி %25 ஆகிவிடும், என்.இ. ஃப்ளாக் (மறுபடி மாற்றாதே என்ற குறி) சேர்த்தால் சரியாகும். பக்க முகவரிகள் மாறாமல் டொமைன் மட்டும் மாறுகிறது என்றால் இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம். வருவதை அப்படியே புது டொமைனில் ஒட்டும் ஒரே ரூல் போதும். அதனால்தான் டொமைனும் டிசைனும் முகவரி அமைப்பும் ஒரே நேரத்தில் மாற வேண்டாம் என்பது. மூன்றும் சேர்ந்து மாறி ரேங்க் விழுந்தால் எதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரூலை எழுதும்போது பழைய டொமைனுக்கு மட்டும் என்ற நிபந்தனை வைக்க வேண்டும். இரண்டு டொமைனும் ஒரே ஹோஸ்டிங் ஃபோல்டரைக் காட்டினால், நிபந்தனை இல்லாத ரூல் தன்னையே சுற்றிக்கொண்டு தளமே திறக்காது. ரூல் வேர்ட்பிரஸ் பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு தாவல், மூன்று டபிள்யூவுக்கு ஒரு தாவல், புது டொமைனுக்கு ஒரு தாவல் என்று நீட்டாமல் ஒரே தாவலில் முடியுங்கள். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்றாலும், பாம்பன் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் போனில் ஒவ்வொரு தாவலும் காத்திருப்புதான். சோதிக்கும்போது இன்காக்னிட்டோவில் பாருங்கள். 301-ஐ பிரௌசர் நினைவில் வைத்துக்கொள்ளும்; திருத்திய பிறகும் பழையதையே காட்டி ஏமாற்றும்.

ஹோஸ்டிங் செலவை மிச்சம் பிடிக்க, டொமைன் விற்ற இடத்தில் கிடைக்கும் ஃபார்வர்டிங் வசதியில் விட்டுவிடுவது அடுத்த பள்ளம். அவற்றில் பல உள்பக்க முகவரியைக் கடத்தாது, எச்டிடிபிஎஸ்ஸில் பதிலே தராது, சில 302 (தற்காலிகத் திருப்பல்) கொடுக்கும். பழைய டொமைனுக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியானால் ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே பிரௌசர் எச்சரிக்கை போட்டு ஆளை விரட்டிவிடும். பழைய தளத்தை ரோபோட்ஸ் ஃபைலில் தடுப்பதும் தவறு. உள்ளே வர முடியாத கூகுள்பாட்டுக்கு ரீடைரக்ட் இருப்பதே தெரியாது. புது தளம் கட்டும்போது போட்ட, தேடலில் சேர்க்காதே என்னும் நோஇண்டெக்ஸ் குறியை எடுக்க மறப்பது தனி ரகம். வேர்ட்பிரஸ்ஸில் அது ரீடிங் செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக்.

எப்போது மாற்றுவது? கருவி இதைச் சொல்லாது, இந்தக் கரையின் காலண்டர் சொல்லும். நடுத்தரத் தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறச் சில வாரங்கள் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. அந்த வாரங்களில் ரேங்க் ஆடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடல் மீன் அனுப்பும் கடைக்கு ஆர்டர் இளைத்திருக்கும், மாற்ற நல்ல நேரம். அதே இரண்டு மாதம் கோடை விடுமுறை என்பதால் ராமேஸ்வரம் லாட்ஜ்காரர் அப்போது தொடவே கூடாது. அவருக்குப் பள்ளி திறந்த பின், ஜூன் நடுவில் தொடங்கினால் ஆடி அமாவாசைக்கு முன் நாலு வாரத்துக்குக் குறையாமல் கையில் இருக்கும். தை அமாவாசை, மகாளய அமாவாசை, ஐயப்ப சீசன் எதுவும் ஒத்துவராது. வார நாளில், முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிட்டு, காலையில் தொடங்குங்கள். சனிக்கிழமை இரவு மாற்றினால் ஹோஸ்டிங் ஆள் போன் எடுக்கமாட்டார்.

மாற்றிய பின் புது சைட்மேப்பைக் கொடுத்து, இரண்டு ப்ராப்பர்ட்டியின் இண்டெக்ஸ் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பழையது இறங்க இறங்கப் புதியது ஏற வேண்டும். பழைய டொமைனைத் தேடினால் பழைய முகவரிகள் பல மாதம் கழித்தும் தலைகாட்டும். அது கோளாறு இல்லை. வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுத்த டிசவோ ஃபைல் இருந்தால் புது ப்ராப்பர்ட்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இதுதான் மூல முகவரி என்று சொல்லும் கெனானிக்கல் குறிகள் பழைய டொமைனையே காட்டிக்கொண்டிருந்தால் ரீடைரக்ட் ஒரு பக்கம் இழுக்க, அவை மறுபக்கம் இழுக்கும். டேட்டாபேஸில் டொமைன் பெயரை எஸ்கியூஎல்லில் நேரடியாக மாற்றினால் எழுத்து எண்ணிக்கையோடு பொதிந்து வைத்த, அதாவது சீரியலைஸ் ஆன, வரிகளின் நீளக் கணக்கு உடைந்து விட்ஜெட்கள் காணாமல் போகும். வேர்ட்பிரஸ்ஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை அதைப் பார்த்துச் செய்யும்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் இணைப்பை அன்றே மாற்றுங்கள். உள்ளூர்த் தேடலில் பலர் அங்கிருந்துதான் உள்ளே வருவார்கள். பேமென்ட் கேட்வேயில் புது டொமைனைப் பதியாவிட்டால் அட்வான்ஸ் கட்டும் இடத்தில் பணம் நிற்கும். பழைய டொமைனின், மெயிலை வழிநடத்தும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள். புக்கிங் மெயில்கள் இன்னும் அதற்குத்தான் வந்துகொண்டிருக்கும். கருவாட்டு பாக்கெட்டில் அச்சடித்த க்யூஆர் கோடும் பழைய முகவரியையே காட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. இலவசம், எளிது, முகப்பு ரீடைரக்டில் பிழை இருந்தால் பிடித்துவிடுகிறது. மாதிரி மட்டும் பார்ப்பதற்கும், எத்தனை பக்கம் நகர்ந்தது என்று வாய் திறக்காததற்கும் ஒன்றரை குறைகிறது. 301 போட இடம் தராத இலவச வெப்சைட் பில்டர்களில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவவே உதவாது.

180 நாள் முடிந்தால் கூகுள் இரண்டு தளத்துக்கும் உறவு இருப்பதாகக் கருதாது. ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள், முடிந்தால் எடுக்கவே வேண்டாம். பழைய டொமைனை ஆட்டோ ரினியூவலில் போட்டு, அந்தக் கார்டு எப்போது காலாவதியாகிறது என்பதையும் குறித்து வையுங்கள். விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கி, உங்கள் லாட்ஜ் பெயரிலேயே சூதாட்டப் பக்கம் போட்டுவிடுவார்கள்.