ரெண்டாம் கட்டுக்கு வராத நெட்டு: எங்க ஊரு பைபர் கனெக்‌ஷன், ஒன்றரை வருஷ அனுபவம்

எங்க ஊருல லோக்கல் கேபிள்காரங்க குடுக்குற பைபர் நெட்டப் பத்தி எழுதுறேன். பேரு போடல, ஏன்னா நாலு மாசமா நான் அவங்களத் திட்டுனதுல பாதி, நியாயமா பாத்தா எங்க வீட்டு செவுத்துக்கும் அப்பத்தாவுக்கும் போயிருக்க வேண்டிய திட்டு. மீதிப் பாதி அவங்களுக்குத்தான், அதுல மாத்தமில்ல.

ஊரு காரைக்குடியிலேர்ந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர். பிளான் 100 எம்பிபிஎஸ், மாசம் 499, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 589. நான் மெட்ராஸ் கம்பெனிக்கு வீட்டுலேர்ந்தே வேலை பாக்குறேன், காலைல பத்து மணிக்கு ஒரு மீட்டிங், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு மீட்டிங், இந்த ரெண்டுலயும் மூஞ்சி ஒறஞ்சு போகாம இருந்தா போதும், வேற பெரிய ஆசையெல்லாம் எனக்கு இல்ல.

வீட்டப் பத்தி சொல்லாம இந்தக் கதை புரியாது. பங்கு வீடு, ஏழு புள்ளிக்கு (புள்ளின்னா ஒரு குடும்பம்) பொது. முகப்பு, வளவு (நடு முற்றம்), அதுக்குப் பின்னாடி ரெண்டாம் கட்டு, அதத் தாண்டி அடுப்படின்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். செவுரு ஒவ்வொண்ணும் முழங்கை நீளத்துக்கு மேல கனம். கனெக்‌ஷன் குடுக்க வந்த பையன் ட்ரில் மிஷின எடுத்த ஒடனே அப்பத்தா கைய நீட்டித் தடுத்துட்டாக. "இது பொதுச் செவுருப்பு, பங்காளிகள கேக்காம ஆணி கூட அடிக்கக் கூடாது"ன்னாக. பங்காளிகள்னா ஒருத்தரு கோலாலம்பூரு, ஒருத்தரு சிங்கப்பூரு, ரெண்டு பேரு மெட்ராஸு, மத்தவுக கல்யாணம் காச்சின்னா வருவாக. அவுக ஏழு பேரும் ஒத்துக்கிட்டு ஓட்டை போடுறதுக்குள்ள 6ஜி வந்துரும். அதனால வயர முகப்பு ஜன்னல் மேல் சந்து வழியா உள்ள விட்டு, மீட்டர் பொட்டி பக்கத்துல ஒரு மரப் பலகைல ஓஎன்யூவ (பைபர் வயரு வந்து சேர்ற பொட்டி, வைஃபை ரூட்டரும் அதேதான்) வச்சுட்டுப் போனான். சரியா அதுக்குப் பின்னாடி ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. என் ரூமு ரெண்டாம் கட்டுல கடைசி.

மொத ஆறு மாசம் நெட்டு போகாது, ஆனா சுத்தும். முகப்புல ஒக்காந்தா 90க்கு மேல ஸ்பீடு, என் ரூமுல 6, மழை பெய்யுற மூடு இருந்தா 8. (சட்டப்படி 2 எம்பிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்டுனு 2023ல மாத்துனாங்க, அதனால கணக்குக்கு நானும் பிராட்பேண்டு வாடிக்கையாளர்தான்.) ஆபீஸுக்குப் போன் போட்டா அந்தப் பொண்ணு கேக்குற மொதக் கேள்வி ரீஸ்டார்ட் பண்ணீங்களா, ரெண்டாவது கேள்வியும் அதான். எத்தன தடவ பண்ணிருப்பேன்னு அந்த ஸ்விட்சக் கேட்டாத் தெரியும்.

அப்பறந்தான் ஒழுங்கா ஒக்காந்து பாத்தேன், பிரச்சனை ரூட்டருக்கு அங்குட்டா இங்குட்டான்னு. இதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேணாம், லேப்டாப்புல கமாண்ட் விண்டோ தொறந்து ரூட்டரோட சொந்த நம்பருக்கு பிங் (ஒரு சின்ன கேள்வி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குறது) ஓட விடணும், எங்களுக்கு 192.168.1.1, உங்க பொட்டிக்கு அடில ஸ்டிக்கர்ல இருக்கும். இன்னொரு விண்டோல கூகுளோட 8.8.8.8க்கு பிங். ரூட்டர் நம்பருக்கே 300, 400 மில்லிசெகண்டு காட்டுனா கோளாறு வீட்டுக்குள்ள, கம்பெனிக்காரனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரூட்டருக்கு 1, 2ன்னு சமத்தா வந்து 8.8.8.8 மட்டும் விட்டு விட்டுப் போனா கோளாறு வெளிய. எனக்கு என் ரூமுலேர்ந்து ரூட்டருக்கே 400, நடுவுல பதில் வராம வேற. லேன் வயரு மாட்டி முகப்புல ஒக்காந்தா 1.

ஆக செவுரு. சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு வச்சு மெழுகுன செவுருன்னு ஊரெல்லாம் வந்து போட்டோ எடுக்குறாங்க, வைஃபைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியல, அது மூணாவது செவுத்துலயே செத்துப் போச்சு. கண்ணாடி வேற, பின்னாடி பூசிருக்க ரசம் உலோகம்ல, அதத் தாண்டி சிக்னல் போகாம திரும்பி தெருப்பக்கம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எதுத்த வீட்டுத் திண்ணைல ஒக்காந்தா எங்க வைஃபை முழுசா காட்டுச்சுங்க! வைஃபைல ரெண்டு அலை, 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி ஆனா செவுரக் கண்டா நின்னுரும், 2.4 கொஞ்சம் ஊடுருவும், ரெண்டும் எங்க ரெண்டாம் கட்டுக்கு வரல. எக்ஸ்டெண்டர் வாங்கிப் பாத்தேன், காசு தண்டம், அரைகுறையா வர்ற சிக்னல வாங்கி அதையே அரைகுறையா குடுக்கும்.

கடைசில லேன் வயருதான். காரைக்குடில 45 மீட்டர் கேட் 6 வாங்கி (100 மீட்டர் வரைக்கும் தாங்கும்), வளவு உத்தரத்து மேல ஏற்கனவே கரண்டு வயரு போற பாதைலயே கொண்டு போயி, கதவு மேல இருக்குற காத்துச் சந்துல நுழைச்சு, ஒரு ஆணி அடிக்காம என் ரூமுக்குக் கொண்டாந்தேன். அங்க ஒரு பழைய ரூட்டர டிஹெச்சிபி (போன், லேப்டாப்புக்கு நம்பர் குடுக்குற வேலை, அத முகப்புப் பொட்டியே பாத்துக்கும்) ஆஃப் பண்ணிட்டு, நம்பர 192.168.1.2ன்னு மாத்தி, அதோட லேன் ஓட்டைல சொருகுனேன். ஸ்பீடு 94. நூறு கட்டுறேன் ஏன் 94ன்னு யாரும் சண்டைக்குப் போகாதீங்க, பழைய பொட்டில இருக்குற 100 எம்பி போர்ட்டுல அவ்வளவுதான் வரும்.

இத்தோட முடிஞ்சிருந்தா அஞ்சுக்கு நாலரை போட்டுருப்பேன். வைகாசில ஊருத் தேர் வந்துச்சு.

தேருன்னா தெருவக் குறுக்க கட்டிப் போற வயரு பூராத்தையும் அவுத்து விட்டுருவாங்க, தேரு நெலைக்கு வந்தப்பறம் திரும்பக் கட்டுவாங்க. அப்படிக் கட்டுனதுலேர்ந்து சாயங்காலம் ஆறரை ஆனா நெட்டு புட்டுக்கும். வைஃபை எல்லாம் இருக்கும், ஓஎன்யூல எல்ஓஎஸ்னு ஒரு லைட்டு இருக்குல்ல, அது செவப்பா மின்னும், அஞ்சு நிமிஷத்துல போகும், திரும்ப மின்னும். ஆபீஸுல "ஈவினிங் எல்லாரும் யூஸ் பண்றாங்க சார், லோடு"ன்னாங்க. நானும் நம்புனேன். ஆனா லோடுன்னா ஸ்பீடுதான் கொறையும், செவப்பு லைட்டு ஏன் எரியணும்? பைபர்ல நெட்டு வர்றதே வெளிச்சமாத்தான், செவப்பு எரிஞ்சா அந்த வெளிச்சமே பொட்டிக்கு ஒழுங்கா வந்து சேரலன்னு அர்த்தம். இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார். மூணு கம்ப்ளெயின்டு, மூணையும் ஆளே வராம முடிஞ்சுருச்சுன்னு மூடிட்டாங்க. இங்கதான் ஒன்றரை ஸ்டார புடுங்குறேன்.

ஆவணில லைன் பாக்குற அண்ணன் எதுத்த வீட்டுக்கு வந்தவர நானே மறிச்சு கூட்டிட்டு வந்தேன். கைக்கு அடக்கமா ஒரு மீட்டர், வயரு நுனிய சொருகுனா எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மைனஸ்ல காட்டும், மைனஸ் நம்பர் ஏற ஏற வெளிச்சம் கம்மி. போஸ்டு பொட்டில மைனஸ் 20.5. எங்க வீட்டுக்குள்ள மைனஸ் 22. "நல்லாத்தானே இருக்கு தம்பி, இந்தப் பொட்டிக்கு மைனஸ் 27 வரைக்கும் தாங்கும்"ன்னு மீட்டர மடிக்கப் போனாரு. நான்தான் "அண்ணே, ஒரு டீ சாப்புட்டுப் போங்க, ஆறரை ஆகட்டும்"னு புடிச்சு ஒக்கார வச்சேன்.

விளக்கு வச்ச கையோட அப்பத்தா வந்து, கொசு வருதுன்னு முகப்பு ஜன்னல் கதவ இழுத்து சாத்துனாக. பொட்டில செவப்பு. மீட்டர்ல மைனஸ் 29.

அண்ணன் ஒண்ணும் பேசல. பேனா மாதிரி ஒரு லேசர் லைட்ட எடுத்து வயரு நுனில மாட்டுனாரு. ஜன்னல் கட்டைக்கும் தேக்குக் கதவுக்கும் நடுவுல, வெள்ளை வயரு தோலுக்குள்ள ரத்தம் கட்டுன மாதிரி செவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு. மேல் சந்து வழியா வந்த வயர, தேருக்கு அப்பறம் கட்டுன ஆளு ஏணி போட சோம்பேறித்தனப்பட்டு கீழ் கதவு வழியா உள்ள விட்டுருக்கான். பகல்ல ஜன்னல் தொறந்து கெடக்கும், நெட்டு ஓடும். சாயங்காலம் அப்பத்தா சாத்துவாக, வயரு மடங்கும், மடங்குன எடத்துல வெளிச்சம் வெளிய கசிஞ்சுரும். மைனஸ் 22க்கும் 29க்கும் ஏழு தானன்னு நெனைக்காதீங்க, மூணு கொறஞ்சாலே பாதி வெளிச்சம் போச்சு, ஏழு கொறஞ்சா அஞ்சுல ஒரு பங்குதான் மிச்சம். கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தது ஏன்னா, சீரியலுக்கு நடுவுல அப்பத்தா காத்துக்காக கதவ லேசா நீக்கி வைப்பாக.

"ஏத்தா, நாலு மாசமா நீங்கதானா அது"ன்னு அண்ணன் சிரிச்சாரு. அப்பத்தா அசரல. "ஜன்னல் சாத்துறதுக்குத்தானப்பு இருக்கு, கம்பிய அதுல விட்டவன் யாரு?" அதுக்கு அவருகிட்டயும் பதில் இல்ல.

அந்த எடத்த வெட்டிட்டு புதுசா ஜாயிண்டு அடிச்சு, மேல் சந்து வழியா விட்டு, மிச்ச வயர டவரா வாய விட பெருசா சுத்திக் கட்டிட்டுப் போனாரு. பைபர அதவிடச் சின்னதா சுத்துனா திரும்ப கசியும்னாரு. அப்பறம் ஒண்ணு, கழட்டுன நுனிய கண்ணு கிட்ட வச்சு யாரும் பாத்துறாதீங்க, உள்ள வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது ஆனா கண்ணுக்கு கெடுதல். அக்கா மகன் பாக்கப் போனான், அண்ணன் தலைல ஒரு தட்டு தட்டுனாரு. காசு குடுத்தேன், வாங்கல, டீக்கு மட்டும் சரின்னுட்டாரு.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். கரண்டு போயி இன்வெர்ட்டர் மாறுறப்ப பொட்டி ஆஃப் ஆகி ஆன் ஆக மூணு நிமிஷம் எடுக்கும், 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டுனேன், சரியாப் போச்சு. வாட்ஸப் ஓடுது, வெப்சைட் மட்டும் தொறக்கலன்னா பெரும்பாலும் டிஎன்எஸ் (வெப்சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்குறது), அத 8.8.8.8ன்னு மாத்திப் பாருங்க. சிங்கப்பூரு சித்தப்பா வீட்டு கேமராவ அங்கிருந்தே பாக்கணும்னாக, இந்த நெட்டுல தனி ஐபி நம்பர் தரமாட்டாங்க, ஒரே நம்பர ஊரே பங்கு போட்டுக்கும் (அதுவும் பங்கு வீடுதான்), வெளியிலேர்ந்து நேரா உள்ள வர முடியாது, கேமரா கம்பெனியோட ஆப்பு வழியாத்தான் பாக்கணும்.

லைனுக்கு நாலு, லைன் பாக்குற அண்ணனுக்கு அஞ்சு, ஆபீஸு போனுக்கு ஒண்ணு, அதுவும் எடுக்குறாங்களேன்னு. மொத்தமா மூணு. ஆவணிக்கு அப்பறம் செவப்பு லைட்ட நான் பாக்கல. ஒரு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டுனா ரெண்டு மாசம் ஃப்ரீன்னு நேத்து போன் வந்துச்சு. வர்ற வைகாசில திரும்ப தேர் இருக்கு, அது நெலைக்கு வந்து வயரு எந்தப் பக்கமா வீட்டுக்குள்ள வருதுன்னு பாத்துட்டு சொல்றேன்னுட்டேன்.