வன்முறை உறவிலிருந்து விலகிய பெண்களுக்கான குழு ஆலோசனை: என் மதிப்பீடு

கணவரைப் பிரிந்த பின் 12 வாரங்கள் இந்தக் குழு ஆலோசனைக்குச் சென்றேன். பிரிந்தவுடன் வரும் நாள்களே ஆபத்து மிகுந்தவை என்பதை அறிந்தவராக, முதல் அமர்வில் பழைய கதை எதையும் கேட்காமல், கைபேசியில் இருப்பிடப் பகிர்வு அணைக்கப்பட்டுள்ளதா, கடவுச்சொற்கள் மாற்றப்பட்டனவா என்று ஆலோசகர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது எனக்கு நம்பிக்கையளித்தது. கதவு படாரென்று சாத்தப்பட்டாலே நடுங்கிவிடும் எனக்கு, கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டுணரும் 4, காதில் விழும் 3 ஒலிகள், 2 மணங்கள், 1 சுவை என்று எண்ணும் பயிற்சி, முதலில் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், இரவுகளில் கைகொடுத்தது. கணவரை நினைத்து ஏங்கியபோது யாரும் கடிந்துகொள்ளவில்லை. அடியும் அன்பும் மாறி மாறி வந்த உறவில் அத்தகைய பிணைப்பு உண்டாவது இயல்பு என்று ஆலோசகர் விளக்கினார். பெருங்குறை ஒன்று: குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததால் இருவர் பாதியிலேயே நின்றுவிட்டனர்.